யார் பாடுகிறார், யாரிடம் பாடுகிறார்: காதல் பாட்டைக் கவராகப் பாட ஒரு முழு வழிகாட்டி

போன ஐப்பசியில் ஒரு வேலையாகப் பூம்பாறைக்குப் போயிருந்தேன். திரும்புகிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கொடைக்கானல் பஸ் வரும்வரை ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். உள்ளே அடுப்புக்கு மேலே, புகை படுகிற இடத்தில், பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கின. வாசல்படியில் வயதான ஓர் அம்மா பூண்டு உதிர்த்துக்கொண்டிருந்தார். எதிரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு பெரியவர். ரேடியோவில் கோடை பண்பலை. திடீரென்று கரண்ட் போய் ரேடியோ நின்றது. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும். அப்புறம் பெரியவர் தானாகப் பாட ஆரம்பித்தார்.

“ஆசை முகம் மறந்து போச்சே, இதை ஆரிடம் சொல்வேனடி தோழி.”

பாரதியின் பாட்டு. காதலனைப் பிரிந்த ஒரு பெண் தன் தோழியிடம் சொல்லி அழுவது. எத்தனையோ கச்சேரிகளில் கேட்டிருக்கிறேன், நானும் பாடியிருக்கிறேன். பெரியவர் கடைசிச் சரணத்துக்கு வந்தார். “வண்ணப் படமும் இல்லை கண்டாய்” என்ற இடத்தில் குரல் தட்டியது. பூண்டு உதிர்த்த அம்மாவின் கை அப்படியே நின்றது. பாடி முடித்த பிறகு பெரியவர் என்னிடம் சொன்னார்: “எங்க வீட்டம்மா போயி முப்பது வருசமாச்சு கண்ணு. ஒரு போட்டோகூட எடுத்து வைக்கல. இது அவ தங்கச்சி.”

ஒரு சொல்லைக்கூட அவர் மாற்றவில்லை, மெட்டையும் மாற்றவில்லை. ஆனாலும் நான் அதுவரை கேட்டிருந்த பாட்டு அது இல்லை. காதலியின் பாட்டு, மனைவியின் முகத்தை மறந்துவிட்ட கிழவரின் பாட்டாகிவிட்டது. “தோழி” என்ற விளி நேராகப் போய் அந்தக் கொழுந்தியாளிடம் விழுந்தது.

அன்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்தேன், இதை எழுதிவிட வேண்டும் என்று. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என்னிடம் பாட்டும் கிட்டாரும் கற்க வரும் பிள்ளைகள் எல்லோருமே கவர், அதாவது வேறொருவர் ஏற்கெனவே பாடிய பாட்டைத் தாங்களும், பாடுகிறவர்கள்தான். போனில் கரோக்கியை, அதாவது குரல் இல்லாத பின்னணி இசையை, போட்டு அசல் பாடகர் மாதிரியே பாடிக் காட்டுவார்கள். குரல் நன்றாகவே இருக்கும். ஆனால் பாட்டு இன்னும் அசல் பாடகருடையதாகவே இருக்கும். ஒரு காதல் பாட்டை எடுத்து அதன் பொருள் உங்கள் கையில் மாறும்படி பாடுவது எப்படி என்பதை, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் இந்தப் பாரதி பாட்டையே வைத்துக்கொள்வோம்.

முதல் படி: பாட்டைக் கையால் எழுதுங்கள்

இணையத்தில் கிடைக்கும் வரிகளை அப்படியே எடுக்காதீர்கள், அதில் பாதி பிழை. பாட்டை மூன்று முறை கேட்டு நோட்டில் எழுதுங்கள். சினிமாப் பாட்டென்றால் படத்தில் அது எந்தக் கட்டத்தில் வருகிறது, பாடுகிறவருக்கு அப்போது என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளை இசையே இல்லாமல், ஒரு கடிதத்தைப் படிப்பது போலச் சத்தமாக வாசியுங்கள். மெட்டின் அழகில் மறைந்திருந்த சொற்கள் அப்போதுதான் கண்ணில் படும். சில பாட்டுகள் இந்த வாசிப்பிலேயே விழுந்துவிடும். விழுந்தால் வேறு பாட்டு எடுங்கள், தப்பில்லை.

இரண்டாம் படி: நான்கு கேள்விகள்

இந்தக் கேள்விகள் நான் கண்டுபிடித்தவை அல்ல. தொல்காப்பியம் செய்யுளியலில் செய்யுளுக்கு முப்பத்து நான்கு உறுப்புகளைச் சொல்கிறது. அவற்றில் நான்கு கவர் பாடுகிறவருக்கென்றே சொன்னது போல இருக்கும்: கூற்று, கேட்போர், களன், காலம். அதாவது யார் சொல்கிறார், யார் கேட்கிறார், எந்த இடத்தில், எப்போது. அகப்பாட்டின் பொருள் முழுக்க இவற்றில்தான் தொங்குகிறது. அதனால்தான் சங்கப் பாட்டுகளின் அடியில் “தலைவி கூற்று”, “தோழி கூற்று” என்று குறிப்பு எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பை மாற்றிப் படித்தால் பாட்டே வேறாகிவிடும்.

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாருங்கள். “யாயும் ஞாயும் யாராகியரோ” என்று தொடங்கி, செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்று முடிகிற குறிஞ்சித் திணைப் பாட்டு. இன்று கல்யாணப் பத்திரிகைகளில் அச்சடிக்கிறார்கள். ஆனால் பழைய குறிப்பு என்ன சொல்கிறது? கூடிய பிறகு, இவன் நம்மை விட்டுப் போய்விடுவானோ என்று அவள் பயப்படுகிறாள். முகம் மாறியதைக் கண்டு அவன் சொல்கிற ஆறுதல் அது. அங்கே கேட்போர் பயந்துபோன ஒரே ஒரு பெண். பத்திரிகையில் கேட்போர் ஊர் முழுக்க, சொல்வது இரண்டு குடும்பம். அதே ஐந்து வரிதான். ஒன்றில் சத்தியம், இன்னொன்றில் அறிவிப்பு.

உங்கள் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் அசல் பாட்டின் நான்கு பதில்கள், வலப்பக்கம் உங்கள் கவரின் நான்கு பதில்கள். பூம்பாறைப் பெரியவர் பாடியதை எழுதினால் இப்படி வரும். கூற்று: காதலி என்பது போய்த் தாரமிழந்தவர். கேட்போர்: தோழி என்பது போய் இறந்தவளின் தங்கை. களன்: பூண்டுப் புகை படிந்த திண்ணை. காலம்: பிரிந்து முப்பது வருடம் கழித்து. நான்குமே மாறிவிட்டன பாருங்கள். உங்களுக்கு நான்கும் மாற வேண்டியதில்லை. ஒன்று மாறினாலே போதும். ஆனால் எது மாறுகிறது என்று பாடுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வலப்பக்கம் முழுக்க இடப்பக்கத்தின் நகலாக இருந்தால் நீங்கள் பாடப்போவது கரோக்கி.

மூன்றாம் படி: பாட்டில் எங்கே ஆணி அடித்திருக்கிறது என்று பாருங்கள்

தமிழுக்கு இந்த வேலையில் பெரிய வசதி ஒன்று உண்டு. “நான்” என்பதற்குப் பால் கிடையாது, “நீ” என்பதற்கும் கிடையாது. வந்தேன், அழுதேன், மறந்தேன். வந்தாய், சிரித்தாய், போனாய். ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் வினை ஒன்றுதான். இந்தக் கட்டுரையை இவ்வளவு தூரம் படித்தீர்களே, நான் ஆணா பெண்ணா என்று எங்காவது தெரிந்ததா? பெரியவர் என்னைக் “கண்ணு” என்று கூப்பிட்டதிலும் தெரியாது. நான், நீ என்று மட்டுமே ஓடும் காதல் பாட்டை யாரும் யாரைப் பார்த்தும் பாடலாம். மகளைப் பார்த்துப் பாடலாம், செத்துப்போன நண்பனைப் பார்த்துப் பாடலாம், விட்டுவந்த ஊரைப் பார்த்தும் பாடலாம்.

மாட்டிக்கொள்வது வேறு இடங்களில். அவன், அவள் என்கிற படர்க்கை. டா, டி என்கிற விளி. மாமா, அத்தான், மச்சான், கண்ணம்மா என்கிற முறைப்பெயர்கள். அப்புறம் சேலை, கொலுசு, மீசை, வேட்டி மாதிரிப் பொருள்கள். பாட்டை ஒருவர் உடம்போடு பிணைத்து வைக்கும் ஆணிகள் இவைதான். நோட்டில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

“வசீகரா” பாட்டை எடுத்துக்கொள்வோம். 2001இல் வந்த “மின்னலே” படத்துக்குத் தாமரை எழுதி, ஹாரிஸ் ஜெயராஜ் இசையமைத்து, பாம்பே ஜெயஸ்ரீ பாடியது. கொடைக்கானலில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்தால் பத்தில் ஒன்பது முறை யாராவது இதைத் தொடங்குவார்கள். குளிரும் போர்வையும் வருகிற பாட்டு என்பதாலும் இருக்கலாம். அதில் ஓர் இடம்: குளித்துவிட்டு வருகிற அவன், தேடி வந்து அவளுடைய சேலை நுனியில் தலை துவட்டிக்கொள்வான், அதுதான் கவிதை என்பாள். ஆண்கள் பாடும்போது இந்த ஆணியில் இடிபடுகிறார்கள். சிலர் “என் சேலை” என்பதை “உன் சேலை” என்று மாற்றிவிடுகிறார்கள். கேட்க ஒரு எழுத்து மாறிய மாதிரிதான் இருக்கும். ஆனால் கவனியுங்கள், அசலில் அவன் உரிமையோடு வந்து துடைத்துக்கொள்கிறான், அவள் நின்ற இடத்தில் நின்று ரசிக்கிறாள். மாற்றிய வரியில் அவள் இவன் தலையைத் துவட்டிவிடுகிறாள். காதலி தாயாகிவிட்டாள். அந்தப் பொருள் வேண்டும் என்று நினைத்து மாற்றினால் சரி. பெரும்பாலும் யாரும் நினைத்து மாற்றுவதில்லை.

என் கருத்தைக் கேட்டால், மாற்றாமல் பாடுங்கள். ஆண் குரலில் “என் சேலை நுனி” என்று வந்தால் கேட்பவர் ஒரு நொடி திடுக்கிடுவார், அப்புறம் புரிந்துகொள்வார்: இவன் அவளுடைய வார்த்தைகளைத் திருப்பிச் சொல்கிறான், அவள் ஒருநாள் தன்னிடம் சொன்னதை நினைத்துப் பார்க்கிறான். காதல் பாட்டு நினைவுப் பாட்டாகிறது. ஆண் பெண்ணாகிப் பாடுவது நமக்குப் புதிதும் இல்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகப் பாடினார், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகப் பாடினார். வேலேந்திய திருமங்கை மன்னனுக்கு இல்லாத தயக்கம் நமக்கு எதற்கு? பூம்பாறைப் பெரியவர் “சொல்வேனடி தோழி” என்று பாடியபோது எனக்கு அந்த “அடி” உறுத்தவே இல்லை. மனைவியின் தங்கையிடம் அவர் அப்படித்தான் பேசுவார் என்று தோன்றியது.

நான்காம் படி: ராகமும் கார்டும்

இங்கே ஒரு விஷயம் எனக்கே பல வருடம் தெரியாமல் இருந்தது. “கண்ணன் பாட்டு” முதல் பதிப்பு 1917இல் பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்டது. அதில் பல பாட்டுகளுக்குப் பாரதியின் ராகக் குறிப்பு உண்டு. “ஆசை முகம்” பாட்டுக்குத் தலைப்பு பிரிவாற்றாமை. ராகம் பிலஹரி. பிலஹரி தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆச்சரியம் என்று புரியும். விடிகாலை வெளிச்சம் மாதிரியான ராகம் அது, உற்சாகமானது. நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய மெட்டு ஜோன்புரியில். ஏறும்போது காந்தாரம் இல்லாமல், இறங்கும்போது மட்டும் மெல்லிய காந்தாரம் தொட்டு வருகிற, ஏக்கம் ததும்பும் ராகம். ஆக, நாம் அசல் என்று நினைப்பதே ஒரு மாற்றம்தான்.

ஒருநாள் உட்கார்ந்து பிலஹரியில் பாடிப் பார்த்தேன். நீங்களும் பாருங்கள். ஜோன்புரியில் அந்தப் பெண் ஏற்கெனவே அழுது ஓய்ந்தவள். பிலஹரியில் அவளுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. முகம் மறந்துபோனதை இப்போதுதான் கண்டுபிடித்து, பதறிப்போய்த் தோழியிடம் ஓடி வந்திருக்கிறாள், தோழி ஞாபகப்படுத்திவிடுவாள் என்று. அதே சொற்களில் வயது குறைந்துவிடுகிறது.

ராகத்தையே மாற்றும் அளவுக்குப் பயிற்சி இல்லாதவர்கள் கார்டை, அதாவது மெட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை, மாற்றலாம். மெட்டைத் தொடவே வேண்டாம். ஸட்ஜத்தை, அதாவது ஆதார ஸ்வரமான ‘ஸ’வை, ஏ ஸ்கேலில் வைத்துக்கொள்ளுங்கள். வரியின் முடிவில் நீங்கள் ஸட்ஜத்தில் வந்து நிற்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒரு ஸ்வரத்துக்கு அடியில் மூன்று கார்டுகள் பொருந்தும்: ஏ மைனர், எஃப் மேஜர், டி மைனர். மூன்றிலும் ஏ ஸ்வரம் இருக்கிறது. ஏ மைனர் வைத்தால் சோகம் தரையில் உட்கார்ந்துகொள்ளும், “ஆமாம், மறந்துதான் போச்சு” என்பது போல. எஃப் வைத்தால் யாரோ முதுகைத் தடவிக்கொடுப்பது போல இருக்கும். டி மைனர் வைத்தால் வரி முடியாது, அடுத்து ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி நிற்கும். நான் முதல் முறை எஃப், கடைசி முறை ஏ மைனர் என்று வைப்பேன். சில பிள்ளைகள் நேர்மாறாக வைக்கிறார்கள், அப்போது பாட்டு ஆறுதலில் முடிகிறது. எதில் முடிக்கிறீர்களோ அதுதான் கேட்பவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் பொருள்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கதகதப்பான அறையில் ஸ்ருதி சேர்த்த கிட்டாரைப் பனியில் வெளியே கொண்டுபோனால் கம்பி சுருங்கி ஸ்ருதி ஏறும். நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தால் இறங்கும். பாடப்போகும் இடத்திலேயே கால்மணி நேரம் வைத்திருந்து அப்புறம் சேருங்கள்.

ஐந்தாம் படி: வேகம், அதைவிட மூச்சு

கவர் என்றாலே மெதுவாக்குவது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. அன்பிளக்ட் என்று பெயர் வைத்து எல்லாப் பாட்டையும் தாலாட்டாக்குகிறார்கள். மெதுவாக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்து செய்ய வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். அடிவாரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில், துள்ளலான ஒரு காதல் டூயட்டைத் தனியாக, பாதி வேகத்தில் பாடினேன். அழகாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது சரணத்தில் பெண்ணின் அம்மா அழ ஆரம்பித்தார், பெண்ணும் அழுதாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுருங்கியது. சேரப்போகிறவர்களின் பாட்டைப் பிரிகிறவர்களின் பாட்டாக நான் ஆக்கியிருந்தேன், அதுவும் மகளை அனுப்பிவைக்கிற அம்மாவின் முன்னால். அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது.

சினிமாவில் இது பழைய உத்தி. ஒரே மெட்டு முதல் பாதியில் சந்தோஷமாகவும் பின்பாதியில் சோகமாகவும் வரும், வேகம்தான் பெரும்பாலும் வித்தியாசம். ஆகவே தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமில் மூன்று வேகம் வைத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 90, 72, 58 தட்டு. எதில் மூச்சு எங்கே முறிகிறது என்று நோட்டில் கோடு போடுங்கள். பொருள் மாறுவது அந்தக் கோட்டில்தான். பாரதியின் வரி: “நேசம் மறக்கவில்லை நெஞ்சம், எனில் நினைவு முகம் மறக்கலாமோ.” 90இல் “நெஞ்சம்” வரை ஒரே மூச்சில் வந்துவிடும். நெஞ்சு நேசத்தை மறக்கவில்லை, அப்படியிருக்க நினைவு மட்டும் முகத்தை மறக்கலாமா என்று கேள்வி. 58இல் பெரும்பாலோருக்கு “மறக்கவில்லை” என்ற இடத்திலேயே மூச்சு முடிந்துவிடும். அடுத்த மூச்சு “நெஞ்சம் எனில்” என்று தொடங்கும். இப்போது என்ன கேட்கிறது? “நெஞ்சம் என்று ஒன்று இருந்தால், முகம் மறக்கலாமோ?” அவள் தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறாள்! பாரதி நிறுத்திய இடம் அதுவல்ல. ஆனால் தெரிந்து அப்படி முறித்தால் அது ஓர் அபாரமான கவர். தெரியாமல் முறித்தால் பிழை.

ஆறாம் படி: டூயட்டைத் தனியாகப் பாடும்போது

டூயட்டில் ஒருவர் கேட்கிறார், மற்றவர் பதில் சொல்கிறார். ஒருவரே இரண்டையும் பாடினால், எதிரில் ஆள் இல்லை என்று ஆகிவிடுகிறது. பதில்களை நீங்களே கற்பனை செய்துகொள்கிறீர்கள், அல்லது ஒரு காலத்தில் வந்த பதில்களைத் திருப்பிச் சொல்கிறீர்கள். இரண்டில் எது என்று தீர்மானியுங்கள். கற்பனை என்றால் பதில் வரிகளைக் கொஞ்சம் தயங்கிப் பாடுங்கள். நினைவு என்றால் பதில் வரிகள் கேள்வியைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். மூன்றாவது வழியும் உண்டு, பதில் வரிகளைப் பாடாமல் கிட்டாரை மட்டும் வாசிப்பது. அந்த மௌனத்தைக் கேட்பவர் தாங்க மாட்டார். ஒரு பாட்டில் ஒருமுறைதான் செய்யலாம்.

இந்த ஊரில் இருந்துகொண்டு “கண்மணி அன்போடு காதலன்” பாட்டைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1991 தீபாவளிக்கு வந்த “குணா” படத்தில் வாலி எழுதி, இளையராஜா இசையில் கமல்ஹாசனும் எஸ். ஜானகியும் பாடியது. எழுதத் தெரியாதவன் சொல்லச் சொல்ல அவள் கடிதமாக எழுதுகிறாள். அவன் வசனமாகச் சொல்கிறான், அவள் அதைப் பாட்டாக்குகிறாள். ஒரு காதலுக்குள் இரண்டு கூற்று. டெவில்ஸ் கிச்சன் என்று பெயர் பெற்றிருந்த நம் ஊர்க் குகை, அந்தப் படத்துக்குப் பிறகு குணா குகையாகிவிட்டது.

2024 பிப்ரவரியில் “மஞ்ஞுமல் பாய்ஸ்” என்ற மலையாளப் படம் வந்தது. 2006இல் அந்தக் குகைக் குழியில் நிஜமாகவே விழுந்த ஒரு கேரள இளைஞரை அவருடைய நண்பர் இறங்கி மீட்ட கதை. படத்தில் அதே பழைய ஒலிப்பதிவையே ஒலிக்கவிட்டார்கள். யாரும் புதிதாகப் பாடவில்லை. “மனிதர் உணர்ந்துகொள்ள இது மனிதக் காதல் அல்ல” என்ற இடம், குழியிலிருந்து நண்பன் மேலே வரும்போது வந்தது. முப்பது வருடம் காதல் பைத்தியத்தின் சொல்லாக நாம் கேட்ட வரி, சேறு பூசிய இரண்டு நண்பர்களுடையதாகிவிட்டது. கண்டிப்பாகச் சொன்னால் இது கவர் கிடையாது. ஆனால் கூற்றும் கேட்போரும் மாறினாலே என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியாது. இப்போது குகைப் பக்கம் வருகிற பையன்கள் கம்பிவேலி ஓரம் தோளில் கைபோட்டுக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். காதலியைப் பற்றி யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. இன்று நீங்கள் அந்தப் பாட்டைக் கவர் செய்தால் கேட்பவர் மனதில் இரண்டு கதையும் இருக்கும். எந்தக் கதைக்காகப் பாடுகிறீர்கள் என்பதை வசனப் பகுதியில்தான் காட்ட முடியும். அதைக் காதலியிடம் குழைவது போலச் சொல்லலாம், மூச்சிரைக்க நண்பனிடம் சொல்வது போலவும் சொல்லலாம்.

ஏழாம் படி: குரலின் அளவு

இதற்கு வெளியூர் உதாரணம் ஒன்று, உலகமே அறிந்தது. “ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ” பாட்டை எழுதியவர் அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன். 1973இல் எழுதி 1974இல் வெளியிட்டார். போர்ட்டர் வேகனர் என்ற பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருடன் ஏழு வருடம் சேர்ந்து பாடிவிட்டு, தனி வழி போக விடைபெற்றபோது எழுதியது. தொழிலில் கைதூக்கிவிட்டவரிடம் சொல்லும் நன்றியும் விடையும் அது. அவர் குரலில் அது தாழ்வாகவே இருக்கும், கடைசிச் சரணத்தைப் பாடாமல் பேசியே சொல்வார். 1992இல் “தி பாடிகார்ட்” படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடினார். தொடக்கத்தில் வாத்தியமே இல்லை, தனிக் குரல். பின்னால் ஒரு கணம் எல்லாம் நின்று, ஒரு முரசு அடி, ஸ்கேல் மேலே ஏறி, குரல் முழுக்கத் திறக்கும். அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. டாலி பாடும்போது ஒருவர் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறார். விட்னி பாடும்போது போகிறவருக்கே அது தாங்கவில்லை. இரண்டுமே பிரிவுதான். யாருக்கு அதிகம் வலிக்கிறது என்பது மட்டும் மாறிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது: வழக்கமான ஸ்ருதியில் ஒருமுறை, ஒரு கட்டை இறக்கி ஒருமுறை, ஒரு கட்டை ஏற்றி ஒருமுறை பதிவு செய்யுங்கள். இறக்கியதில் உச்ச வரி பேச்சாக மாறும், ஏற்றியதில் கூப்பாடாக மாறும். உங்கள் நோட்டின் வலப்பக்கத்தில் எழுதிய “கேட்போர்” எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று யோசித்து மூன்றில் ஒன்றை எடுங்கள்.

எட்டாம் படி: பதிவு

நீளமாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. போன் போதும். சுவரில் இரண்டு கம்பளி தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். தகரக் கூரை வீடென்றால் மழையில்லாத நேரம் பாருங்கள். சீசனில் காலை ஏழு மணிக்கு முன் முடித்துவிடுங்கள், அப்புறம் ஏழு ரோடு சந்திப்பின் ஹாரன் சத்தம் எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும்.

ஒன்பதாம் படி: பெயரும் உரிமையும்

எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர், மூன்று பெயரையும் முதல் வரியிலேயே போடுங்கள். பாடலாசிரியரை விட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பொருளை மாற்றப்போகிற நாம் அந்தப் பொருளை முதலில் தந்தவரை மறப்பது சரியில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 31சி பிரிவு கவர் ஒலிப்பதிவுகளுக்கானது. அசல் ஒலிப்பதிவு வந்த ஆண்டு முடிந்து 5 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்பும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியும் தர வேண்டும். பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியாகத் தேவைப்படாத எந்த மாற்றத்தையும் சொல்லிலோ இசையிலோ உரிமையாளர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது. “என் சேலை”, “உன் சேலை” விஷயம் சட்டத்திலும் இடிக்கும். யூடியூப்பில் ஏற்றினால் மெட்டை அடையாளம் கண்டு விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், பாட்டையே எடுக்கவும் சொல்லலாம். பழகுகிறவர்களுக்குப் பாரதியைச் சொல்வது இதனாலும்தான். அவர் பாட்டுகள் நாட்டுடைமை. ஆனால் மெட்டு வேறொருவர் போட்டதென்றால் அந்த மெட்டுக்கு உரிமை தனி, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் படி: ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள்

இசை தெரிந்தவரிடம் வேண்டாம். அவர் ஸ்ருதியைப் பற்றிப் பேசுவார். பாட்டுக் கேட்கப் பிடித்த யாராவது ஒருவரிடம் போட்டுக் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: “யார் யாரைப் பார்த்துப் பாடுற மாதிரி இருக்கு?” நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர் சொல்லும் பதில் உங்கள் நோட்டின் வலப்பக்கத்தோடு சேர்ந்தால் வேலை முடிந்தது. சேராவிட்டால், அவர் சொன்னது உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறதா என்று ஒருநாள் யோசியுங்கள்.

நான் “ஆசை முகம்” பாட்டை மேலே சொன்ன எல்லாப் படியும் வைத்துப் பதிவு செய்தேன். வேகம் 58, கடைசி ஸட்ஜத்தில் ஏ மைனர், “வண்ணப் படமும் இல்லை” என்ற இடத்தில் குரலை முழுக்கத் திறந்து. தை மாதம் பூம்பாறைக்குப் போனபோது போனை எடுத்துக்கொண்டு அதே திண்ணைக்குப் போனேன். பெரியவர் போனைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த இடம் வந்ததும் கண்ணைத் திறந்து, போனைச் சற்றே தள்ளிப் பிடித்தார். முடிந்ததும் கேள்வியைக் கேட்டேன்.

“எங்க வீட்டம்மாளப் பாத்துதான் பாடுது,” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “ஆனா படம் இல்லேங்கிற எடத்துல ஏன் கண்ணு அம்புட்டு சத்தம் போடுற? அவ பக்கத்துலதான இருக்கா.”

மறுநாள் காலையில் ஒரு கட்டை இறக்கி, அந்த வரியை மட்டும் கிட்டார் இல்லாமல், பேசுகிற குரலில் திரும்பப் பதிவு செய்தேன்.